மருத்துவச்சியின் பெட்டியில் என்ன இருந்தது?

(வரலாற்றுத் துறைப் பழைய மாணவர் ஒருவர்)

"சார், நீங்க வரலாறு படிச்சவரு. மலருக்கு ஏதாவது எழுதிக் குடுங்க" என்று மலர்க்குழுத் தம்பிகள் வீடு தேடி வந்து கேட்டார்கள். மறுக்க மனம் வரவில்லை. அரிக்கமேட்டைப் பற்றி எழுதலாமா, டூப்ளேயைப் பற்றி எழுதலாமா, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதையெல்லாம் நம் நண்பர்கள் முந்தைய மலர்களிலேயே எழுதித் தீர்த்துவிட்டார்கள். கடைசியில் எங்கள் ஊர் பண்டசோழநல்லூர் மருத்துவச்சி ஆயாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

"ஆம்பளைக்கு இதுல என்னப்பா வேலை?" என்று சிலர் சிரிக்கலாம். அப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் இந்த வரலாறு எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறாமல் போயிற்று. அரசர்கள் பிறந்த தேதியைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். அவர்களைக் கையில் வாங்கிய பெண்மணி யார் என்று நாம் ஒருவரும் கேட்டதில்லை.

அந்த ஒரு ராத்திரி

1964. எனக்குப் பன்னிரண்டு வயது. என் சின்னம்மா, அம்மாவின் தங்கை, தலைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாயங்காலம் வலி எடுத்தது. மருத்துவச்சி ஆயா வந்தார். ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் ஆண் குழந்தை பிறந்துவிட்டது. வீட்டில் ஒரே சந்தோஷம். தாத்தா எங்களுக்கெல்லாம் வெல்லம் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே பேச்சுக் குரல் மாறியது. பழைய புடவை கொண்டா, இன்னொண்ணு கொண்டா என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு வண்டி கட்டச் சொன்னார்கள். டவுன் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. ஆயாவும் வண்டியில் ஏறினார். சின்னம்மாவின் அடிவயிற்றை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டே போனாராம். வண்டி பாதி வழியில் திரும்பி வந்தது.

பல வருஷம் கழித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் ஊருக்குப் போயிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயாவிடம் தயங்கித் தயங்கி அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டேன். அவர் மறக்கவில்லை. "புள்ளய வாங்கிக் குடுத்தேன் ராசா. தாயப் புடிச்சு வைக்க என் கையில ஒண்ணும் இல்லியே" என்றார். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் தேடிய விளக்கம்தான்.

உடம்பின் கணக்கு

விஞ்ஞான மாணவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எளிமையாகச் சொல்கிறேன்.

நிறைமாதத்தில் தாயின் கருப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போய் வருகிறது. உடம்பில் உள்ள மொத்த ரத்தமே சுமார் ஐந்து லிட்டர்தான். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த இடத்து ரத்தக் குழாய்கள் எல்லாம் திறந்த வாயோடு நிற்கும். அவற்றை மூடுவது கருப்பையின் தசைநார்களே. அவை சுருங்கி, குழாய்களை நெரித்துப் பிடிக்க வேண்டும். கருப்பை சுருங்காமல் தளர்ந்து கிடந்தால் மடை திறந்த மாதிரிதான். நஞ்சின் துண்டு உள்ளே தங்கினாலும், எங்காவது கிழிந்தாலும் இதே ஆபத்து உண்டு.

அரை லிட்டருக்கு மேல் போனால் அதை 'பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு' என்றும், ஒரு லிட்டர் போனால் கடுமையானது என்றும் மருத்துவ உலகம் வகுத்து வைத்திருக்கிறது. ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அரை லிட்டரே அதிகம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை.

இன்னொரு கணக்கும் உண்டு. பிரசவச் சிக்கல்களைக் கவனிக்காமல் விட்டால் எவ்வளவு நேரத்தில் உயிர் போகும் என்று நிபுணர்கள் உத்தேசமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். குழந்தை வெளியே வராமல் அடைத்துக்கொண்டால் சுமார் மூன்று நாள். வலிப்பு வந்தால் இரண்டு நாள். கிருமித் தொற்று என்றால் ஆறு நாள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு என்றால்? இரண்டு மணி நேரம்.

எங்கள் வண்டிக்கு வேண்டியது நாலு மணி நேரம். ஆகவே, ஆஸ்பத்திரி எவ்வளவு நல்ல ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சின்னம்மாவுக்கு அது உதவியிருக்காது. காப்பாற்ற முடிந்தால் பக்கத்தில் இருந்த கையால்தான் முடியும். அந்தக் கை ஆயாவுடையது. அதில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி.

திண்டிவனத்தில் ஒரு பெண்

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பாதிரி வீட்டுப் பெண், 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் தன் பெற்றோருடன் தங்கியிருந்தார். ஒரே ராத்திரியில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. ஐடாவின் தந்தை டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்று அந்தப் பெண்ணைத்தான் அழைத்தார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அந்த ராத்திரிதான் ஐடாவை டாக்டராக்கியது. 1899-ல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900-ல் வேலூருக்கு வந்தார். 1902-ல் மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று அவர் தொடங்கியவை இன்று வேலூர் சி.எம்.சி.யாக வளர்ந்து நிற்கின்றன. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய ஸ்தாபனம். கைகூப்பி வணங்க வேண்டிய வாழ்க்கை.

ஆனால் வரலாறு படித்தவனுக்கு இன்னொரு பக்கமும் கண்ணில் படும். அந்த மூன்று வீடுகளிலும் யாரோ ஒரு மருத்துவச்சி ராத்திரி முழுக்க இருந்திருப்பார். எங்கள் ஆயாவைப் போல அவரும் விளக்கு வெளிச்சத்தில் தன்னால் ஆனதைச் செய்திருப்பார். டாக்டர் இல்லையே என்று உலகம் வருந்தியது, டாக்டரை உண்டாக்கியது. அந்த மருத்துவச்சியின் கையில் ஏதாவது கொடுக்கலாமே என்று நினைக்க இன்னும் வெகுகாலம் ஆயிற்று.

மருந்து யாருடையது?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரத்தப்போக்கை நிறுத்தும் முதல் மருந்தை உலகத்துக்குக் கொடுத்தவர்களே மருத்துவச்சிகள்தான்.

ஐரோப்பாவில் விளையும் 'ரை' என்ற தானியக் கதிரில் ஒரு பூஞ்சணம் பிடிக்கும். கதிரில் மணிக்குப் பதிலாகக் கறுப்பாக ஒரு கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் பெயர் எர்காட். (நம்ம கம்புப் பயிரில் வரும் தேன் ஒழுகல் நோய் இதற்குப் பங்காளிதான்.) அந்தக் கறுப்புக் கொம்பு கருப்பையைச் சுருங்க வைக்கும் என்று அங்குள்ள மருத்துவச்சிகள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். 1582-ல் ஜெர்மானியர் லோனிட்சர் எழுதிய மூலிகை நூலிலேயே இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. 1808-ல் அமெரிக்க டாக்டர் ஜான் ஸ்டேர்ன்ஸ் இதை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அவருக்கே அதைச் சொல்லிக் கொடுத்தவர் குடியேறி வந்த ஒரு மருத்துவச்சி. டாக்டர் பெயர் நமக்குத் தெரிகிறது. மருத்துவச்சி பெயர் தெரியவில்லை.

டாக்டர்கள் அதைப் பிரசவத்தை அவசரப்படுத்தக் கொடுத்தார்கள். அளவு தப்பியது, குழந்தைகள் இறந்தன. 1820-களில் நியூயார்க் டாக்டர் ஹோசக், இது பிரசவப் பொடி அல்ல, மரணப் பொடி என்றும், குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்குக்கு மட்டும் கொடுங்கள் என்றும் எச்சரித்தார். 1935-ல் இங்கிலாந்தில் டட்லி, சாசர் மாயர் இருவரும் அதிலிருந்து எர்கோமெட்ரின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள்.

இன்னொரு மருந்து தாயின் உடம்பிலேயே ஊறுவது. 1906-ல் ஹென்றி டேல், மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருக்குகிறது என்று கண்டார். அதிலிருக்கும் ஆக்சிடோசினை 1953-ல் வின்சென்ட் டு விக்னோ சோதனைச்சாலையிலேயே செய்து காட்டினார். 1955-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குழந்தை பால் குடிக்கும்போது தாய்க்குத் தானாக ஊறுவதும் இதே ஆக்சிடோசின்தான். பிறந்த உடனே குழந்தையை மார்பில் போடு என்று எங்கள் ஆயா சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் பெருக்கு வந்துவிட்டால் அது மட்டும் போதாது. ஊசி வேண்டும்.

1964-ல் அந்த ஊசி உலகத்தில் இருந்தது. பண்டசோழநல்லூரில் இல்லை. அதைப் போட ஆயாவுக்கு உரிமையும் இல்லை. அதை வைக்க ஐஸ்பெட்டியும் இல்லை. ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். நம்ம சித்திரை வெயிலில் வெளியே கிடந்தால் வீரியம் குறைந்துவிடும். எர்கோமெட்ரினுக்கு வெயிலும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது.

பட்டம் கொடுத்தார்கள், வேலையை மாற்றினார்கள்

பிரெஞ்சு மொழியில் மருத்துவச்சிக்கு 'சாஜ் ஃபாம்' என்று பெயர். நேர் அர்த்தம், அறிவுள்ள பெண்மணி. இந்தப் பெயர் வைத்தவர்கள் ஆண்ட நம் புதுச்சேரியில் 1823-லேயே மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டது. அதன் தொடர்ச்சிதான் 1964-ல் இன்றைய பெயரைப் பெற்ற ஜிப்மர். சின்னம்மா இறந்த அதே வருஷம்! கோரிமேட்டில் அத்தனை பெரிய கல்லூரி, கிராமத்தில் வெறுங்கையோடு ஆயா. இரண்டும் ஒரே காலம், ஒரே மாநிலம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், ஆங்கில ஆட்சியிலிருந்த சென்னை மாகாணத்தில், 1926-ல் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. படித்து, பதிவு செய்துகொண்ட மருத்துவச்சிகள் உண்டானார்கள். சுதந்திரத்துக்கு முன் 1946-ல் வந்த போர் கமிட்டி அறிக்கை, தாய் சேய் நலத்தை அரசின் கடமையாக்கியது. ஐம்பதுகளில் ஏ.என்.எம். படிப்பு வந்தது. ஊரில் 'நர்சம்மா' என்று நாம் அழைப்பது இவர்களைத்தான். இரண்டு வருஷப் படிப்பு, அதில் முக்கியப் பாடம் பிரசவம்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 1973-ல் கர்த்தார் சிங் கமிட்டி, ஏ.என்.எம்.களைப் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர்களாக மாற்றச் சொன்னது. 1977-ல் படிப்பு ஒன்றரை வருஷமாகச் சுருங்கியது. குடும்பக் கட்டுப்பாடு, தடுப்பூசி, பதிவேடு என்று வேலை பெருகிற்று. பிரசவம் பார்ப்பது அந்த நீண்ட பட்டியலில் ஒரு வரியாகிவிட்டது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. தடுப்பூசியும் வேண்டியதுதான். ஆனால் நாடு தன் மருத்துவச்சியை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டது என்பது உண்மை.

கிராமத்து ஆயாக்களையும் அரசு மறக்கவில்லை. எழுபதுகளின் இறுதியிலிருந்து நாடெங்கும் 'தாய்' பயிற்சி என்று நடத்தினார்கள். வடக்கே மருத்துவச்சியை 'தாயி' என்பார்கள், அந்தப் பெயர். எங்கள் ஆயாவுக்கும் பயிற்சி முடிந்து ஒரு பெட்டி கொடுத்தார்கள். அன்றைக்குத் திண்ணையில் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து எனக்குத் திறந்து காட்டினார். சோப்பு, பிளேடு, நூல், பஞ்சு. "சுத்தமா கையக் கழுவு, புது பிளேடால கொடிய அறு, சுத்தமான நூலால கட்டுன்னு சொல்லிக் குடுத்தாங்க" என்றார் பெருமையாக.

நல்ல பெட்டிதான். தொப்புள் வழியாக வரும் டெட்டனஸ் குறைய இந்தச் சுத்தம் பெரிதும் உதவியது. ஆனால் அதில் இருந்த ஒவ்வொன்றும் கிருமிக்கு எதிரானது. ரத்தத்துக்கு எதிராக அதில் ஒன்றுமே இல்லை. இரண்டு மணி நேரத்தில் கொல்லும் எதிரிக்கு, பெட்டி கொடுத்த பிறகும், ஆயாவுக்கு இருந்தது அதே இரண்டு கைகள்தான்.

பெல்காம் மாத்திரை

மாற்றம் நம் பக்கத்து மாநிலத்திலிருந்து வந்தது. மிசோப்ரோஸ்டால் என்று ஒரு மாத்திரை. எழுபதுகளில் வயிற்றுப் புண்ணுக்காகக் கண்டுபிடித்தது. கருப்பையைச் சுருக்கும் குணமும் அதற்கு இருந்தது. ஐஸ்பெட்டி வேண்டாம், ஊசி வேண்டாம், விலையும் குறைவு.

2002 முதல் 2005 வரை கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டக் கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. 1,620 தாய்மார்கள். மாத்திரையைக் கொடுத்தவர்கள் டாக்டர்கள் அல்ல, நம்ம நர்சம்மாக்கள்! பாதிப் பேருக்கு உண்மை மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. 2006-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. ரத்தப்போக்கு நூற்றுக்கு 12 பேர் என்பதிலிருந்து 6.4 ஆகக் குறைந்தது. கடுமையான ரத்தப்போக்கு 1.2-லிருந்து 0.2 ஆயிற்று.

இதே சோதனையில் இன்னொரு எளிய சாமானும் பிறந்தது. ரத்தம் எவ்வளவு போயிற்று என்று கண்ணால் பார்த்துச் சொன்னால் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவார்கள். புடவையில் ஊறியதை யார் அளப்பது? அதனால் தாயின் கீழே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பில் புனல் மாதிரி ஒரு பை வைத்து, அதில் அளவுக்கோடு போட்டார்கள். எந்தக் கோட்டைத் தாண்டுகிறதோ, உடனே தெரிந்துவிடும்.

2005-ல் இந்திய அரசு, ஏ.என்.எம்.களும் நர்சுகளும் ரத்தப்போக்குக்கு ஆக்சிடோசின், மிசோப்ரோஸ்டால் கொடுக்கலாம் என்று வழிகாட்டி நெறி வெளியிட்டது. 2011-ல் உலக சுகாதார நிறுவனம் மிசோப்ரோஸ்டாலை இதற்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஸ்டேர்ன்ஸ் ஒரு மருத்துவச்சியிடம் கற்றுக்கொண்டதிலிருந்து கணக்கிட்டால், மருந்து மருத்துவச்சி கைக்குத் திரும்பி வர ஏறக்குறைய 200 வருஷம்.

ஒரு கட்டுத்துணி, ஒரு ரப்பர் பை

மருந்துக்கும் அடங்காத பெருக்கு உண்டு. அப்போது ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை உயிரைப் பிடித்து வைக்க வேண்டும். ஆயா சொன்ன அதே வார்த்தை.

அதற்கு ஒரு உடுப்பு வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் பெயர் நீளம். அதிர்ச்சி தடுக்கும் ஆடை என்று நாம் சொல்லலாம். கணுக்காலிலிருந்து அடிவயிறு வரை பட்டை பட்டையாகச் சுற்றி இழுத்து ஒட்டிவிடுவது. ஒட்டுவதற்கு நம் பிள்ளைகள் ஷூவில் இருக்கும் அதே வெல்க்ரோ. கால்களை இறுக்குவதால் ரத்தம் மேலே, இதயத்துக்கும் மூளைக்கும் திரும்பும். அடிவயிற்றில் அழுத்தம் விழுவதால் ரத்தப்போக்கும் குறையும். இதன் மூலம் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவில் எழுபதுகளில் நடந்த வேலை. எகிப்திலும் நைஜீரியாவிலும் பின்னர் சாம்பியா, ஜிம்பாப்வேயிலும் சோதித்துப் பார்த்தார்கள். 2012-ல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தற்காலிக உதவியாகப் பரிந்துரைத்தது. துவைத்து, கிருமி நீக்கி மறுபடி பயன்படுத்தலாம். கட்டுவதற்கு டாக்டர் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பாத்ஃபைண்டர் என்ற தொண்டு நிறுவனம் அரசோடு சேர்ந்து இதைக் கொண்டுவந்தது. 108 வண்டிகளுக்கும் இந்த ஆடை போனது. எங்கள் மாட்டு வண்டியை நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது வங்காளதேசத்து சமாச்சாரம். கருப்பைக்குள் ஒரு பலூனை வைத்துத் தண்ணீர் ஊற்றி விரித்தால், அது உள்ளிருந்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தும். வெளிநாட்டு பலூன் ஏழை ஆஸ்பத்திரிக்குக் கட்டாத விலை. டாக்காவில் பேராசிரியர் சாயிபா அக்தர் என்ற அம்மையார், ஒரு ரப்பர் குழாயின் நுனியில் ஆணுறையை நூலால் கட்டி, சலைன் தண்ணீர் ஏற்றினார். 2003-ல் வெளியிட்ட கட்டுரையில் 23 பெண்களுக்கும் ரத்தம் நின்றதாகச் சொன்னார். அந்த முறை ஆசியா, ஆப்பிரிக்கா எங்கும் பரவியது.

எதையும் ஒரே பக்கமாகச் சொல்லக்கூடாது. பின்னால் ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுகளில் இந்தப் பலூன் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 2021-ல் உலக சுகாதார நிறுவனம், அறுவை சிகிச்சையும் ரத்தமும் உடனே கிடைக்கும் இடத்தில்தான் பலூனைப் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டது. சாமான் மட்டும் போதாது. பயிற்சியும், பின்னால் தாங்கிப் பிடிக்க ஓர் ஏற்பாடும் வேண்டும்.

அந்த ஏற்பாட்டுக்குத் தமிழ்நாடு நல்ல உதாரணம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்சுகள் முறை வைத்து 24 மணி நேரமும் இருந்தார்கள். அவர்களுக்கு மேல், அறுவை அரங்கும் ரத்தமும் உள்ள 'சீமாங்' மையங்கள். 2001-03-ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் அது 54. அதே காலத்தில் இந்தியா முழுவதற்கும் 301 என்பது 97 ஆயிற்று. இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் பல காரணங்கள் உண்டு. நடுராத்திரியில் விழித்திருந்த நர்சு அவற்றில் ஒன்று.

2023-ல் வெளியான இன்னொரு ஆய்வையும் சொல்லியாக வேண்டும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகள், 2,10,132 பெண்கள். அளவுக்கோடு போட்ட அந்த விரிப்பை விரித்தார்கள். கோடு தாண்டினால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல், மருத்துவச்சியே வயிற்றைப் பிசைவது, கருப்பையைச் சுருக்கும் மருந்து, டிரனெக்ஸாமிக் அமிலம் என்ற ரத்தம் உறைய உதவும் மருந்து, சலைன், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்ற பரிசோதனை, ஐந்தையும் ஒரே மூச்சில் தொடங்கினார். கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறந்து அறுவை, அதனால் மரணம் என மூன்றும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. இதில் எந்த மருந்தும் புதிது இல்லை. எல்லாம் ஒரே இடத்தில், ஒரே கையில், ஒரே நேரத்தில் இருந்தது என்பதுதான் புதிது.

மாட்டு ஊசி வழக்கு

கைக்கு வந்தது கைநழுவிப் போகவும் கூடும். 2018-ல் நடந்தது இது. ஆக்சிடோசின் ஊசியை மாட்டுக்குப் போட்டுப் பால் கறக்கிறார்கள் என்று வெகுநாளாகப் புகார். நம் கிராமங்களில் இதைக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. அதைத் தடுக்க மத்திய அரசு 2018 ஏப்ரலில் தனியார் கம்பெனிகள் ஆக்சிடோசின் தயாரிப்பதற்குத் தடை போட்டது. கர்நாடகத்தில் உள்ள ஒரே ஒரு பொதுத்துறை நிறுவனம் மட்டும் நாடு முழுவதற்கும் தயாரிக்கலாம் என்றது.

டாக்டர்களும் நோயாளிகள் நல அமைப்புகளும் பதறினார்கள். ஒரே இடத்தில் தயாரித்தால், அங்கே ஒரு தடங்கல் வந்தால், பிரசவ அறையில் என்ன ஆகும்? வழக்கு டெல்லி உயர்நீதிமன்றம் போனது. 2018 டிசம்பர் 14 அன்று நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. மாட்டைக் காப்பாற்றப் போட்ட உத்தரவில், பிரசவ அறையின் தேவையைச் சரியாக எடைபோடவில்லை. நல்ல எண்ணத்தில் போடும் உத்தரவும், மருத்துவச்சியைக் கேட்காமல் போட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு இது பாடம்.

அதே 2018-ல் நல்லதும் நடந்தது. வெயிலைத் தாங்கும் கார்பிடோசின் என்ற ஊசி, ஆக்சிடோசினுக்குக் குறைந்ததல்ல என்று பத்து நாடுகளில் 29,645 பெண்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. இந்தியாவும் அதில் ஒரு நாடு. அந்த ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு, மருத்துவச்சிப் பணியைத் தனித் தொழிலாக மறுபடி கட்டியெழுப்ப வழிகாட்டி நெறியும் வெளியிட்டது. 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம், அரை லிட்டர் வரை காத்திருக்காதே, நாடியும் ரத்த அழுத்தமும் தப்பினால் 300 மில்லியிலேயே சிகிச்சையைத் தொடங்கு என்று சொல்லிவிட்டது.

நமக்கென்ன வேலை?

இப்போது புதுச்சேரிக் கிராமங்களில் வீட்டுப் பிரசவம் என்பது ஏறக்குறைய இல்லை. மருத்துவச்சி ஆயாக்களின் காலம் முடிந்துவிட்டது. அவர்கள் இடத்தில் பிரசவ அறை நர்சுகள் நிற்கிறார்கள். ஆனால் கேள்வி மாறவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் பெருகும்போது, பக்கத்தில் இருக்கும் அந்தப் பெண்ணின் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருக்கிறதா? ஐஸ்பெட்டி வேலை செய்கிறதா? பீரோ சாவி யாரிடம்? யாரையும் கேட்காமல் ஊசி போட அவருக்கு அனுமதி உண்டா? போன் செய்தால் வண்டி வருமா? போய்ச் சேரும் இடத்தில் ரத்தம் இருக்கிறதா?

பழைய மாணவ நண்பர்களில் டாக்டர்கள் இருக்கிறீர்கள், அதிகாரிகள் இருக்கிறீர்கள், மருந்துக் கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு தடவை போய், இந்தக் கேள்விகளை மரியாதையாக, குற்றம் கண்டுபிடிக்கும் தொனி இல்லாமல், அங்குள்ள நர்சம்மாவிடம் கேளுங்கள். என்ன குறை என்பது அவருக்குத்தான் தெரியும்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, ரத்த தானம் செய்யுங்கள். இத்தனை சாமான்களைப் பற்றி எழுதினேன். கடைசியில், போன ரத்தத்துக்கு ஈடு ரத்தம்தான். அதை எந்தக் கம்பெனியும் தயாரிப்பதில்லை, உங்கள் கைதான் கொடுக்க வேண்டும். இரண்டு, வரலாற்றுத் துறை மாணவர்கள் உங்கள் ஊரில் மிச்சமிருக்கும் வயதான மருத்துவச்சிகளைத் தேடிப் போய் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். கல்வெட்டு நூறு வருஷம் காத்திருக்கும், கிழவி காத்திருக்க மாட்டாள்.

அன்று பிறந்த அந்தக் குழந்தையை என் அம்மாதான் வளர்த்தார். எனக்குத் தம்பி. அவனும் நம் கல்லூரியில்தான் படித்தான். சில வருஷங்களுக்கு முன் அவன் மருமகளுக்குப் பிரசவம் ஆனபோது ரத்தப்போக்கு வந்தது. நர்சு ஒரு நிமிஷமும் வீணாக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். ஊசி, சலைன், வயிற்றைப் பிசைவது எல்லாம் அங்கேயே, அந்தக் கட்டில் பக்கத்திலேயே. தாயும் பிள்ளையும் சுகம்.

நாங்கள் அந்த நர்சு அம்மாவுக்கு நன்றி சொல்லப் போனோம். "என் வேலைதானே சார்" என்றார். மேஜைமேல் அவருடைய தட்டு இருந்தது. மூடியைத் திறந்து, என்னென்ன வைத்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஆயா இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.